காட்டு ஓடைப் பூச்சிக்கும் ராமநாதபுரத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஜூலை 6 (கேள்வி)

மேற்கு மலையில் ஏதோ ஓடைப் பூச்சி அழிகிறதாம், காப்பாற்ற வேண்டுமாம். நான் சாயல்குடிக்காரன். எங்களுக்குக் குடிக்கவே தண்ணீர் லாரியில் வருகிறது. ஓடையும் இல்லை, காடும் இல்லை. இருப்பதெல்லாம் வேலிக்கருவை. இந்தக் கடற்கரைச் சீமையில் உட்கார்ந்து அதைப் பேசுவது வெட்டி வேலை இல்லையா? புலி என்றால் சரி. பூச்சிக்கெல்லாமா பாதுகாப்பு?

ஜூலை 6, இரவு

வெட்டி வேலைதான். நான் அதை மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் என் ஊர். படகு எஞ்சின் ரிப்பேர் தொழில். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலில் இறங்கிவிட்டால் கை கொஞ்சம் ஓயும், வாய் ஓயாது.

புலியைச் சொன்னீர்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலியோடு ஒரு தும்பியும் (நம் பக்கம் தட்டான்) இடம்பிடித்தது. பெயர் எபியோஃபிளேபியா லைட்லாவி. இமயமலை ஓடைகளில் இருப்பது. டார்ஜிலிங் பக்கம் கிடைத்த இளம்பூச்சியை மட்டும் வைத்து 1921இல் பெயர் சூட்டினார்கள். இறக்கை முளைத்ததைப் பார்க்கும் முன்பே பெயர். தண்ணீருக்குள்ளேயே ஐந்து வருஷத்துக்கு மேல் கிடக்கும். அந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவை ஓடையில் தண்ணீர் நின்றுபோனால் அத்தோடு கதை முடிந்தது. காக்க வேண்டியதில் பூச்சி பாதி, ஓடையின் நடப்பு மீதி.

ஜூலை 9

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது சின்னமனூர்ப் பக்கம். மச்சான் மேகமலை ஏறும் வழியில் ஒரு தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். மூன்று வருஷத்துக்கு முன்னால் போயிருந்தபோது ஓடையில் காலை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மச்சான் ஒரு கல்லைப் புரட்டி, "உங்க ஊர் கம்மாயில இது உண்டா?" என்றார்.

கல்லின் அடியில் ஒரு தெருவே குடியிருந்தது. தட்டையாக, பின்னால் இரண்டு வாலோடு ஓடியது ஸ்டோன்ஃபிளையின் இளம்பூச்சி. மூன்று வாலோடு இருந்தது மேஃபிளை. மணல் துகளைத் தன் வாய் இழையால் ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் உட்கார்ந்து தலையை மட்டும் நீட்டியது காடிஸ்ஃபிளை. செப்புக்காசை ஒட்டிவைத்த மாதிரி ஒரு வண்டின் குட்டியும் இருந்தது. தண்ணீர் அறைந்து விழும் பாறையில், வயிற்றில் ஆறு உறிஞ்சிகளைப் பதித்துக்கொண்டு கொசு மாதிரியான ஒரு ஈயின் புழு அசையாமல் கிடந்தது. நான் நின்றிருந்தால் வழுக்கியிருப்பேன்.

எட்டாம் வகுப்பு மகளுக்குக் காட்டலாம் என்று இரண்டு வால்காரன் ஒருவனைத் தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தேனி தாண்டும்போதே அது விநோதமாக ஏதோ செய்ய ஆரம்பித்தது. ஆறு காலையும் ஊன்றி உடம்பை மேலே தூக்கும், இறக்கும், மறுபடி தூக்கும். தண்டால் எடுப்பது போலவே இருந்தது. பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக்கூடக் காட்டிச் சிரித்தேன். ஆண்டிபட்டிக் கணவாயில் தண்டால் வேகம் கூடியது. உசிலம்பட்டியில் நின்றுவிட்டது.

பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதன் செவுள் நெஞ்சுப் பக்கம், காலடியில் இருக்கிறது. ஓடையில் தண்ணீர் தானாகவே செவுளைத் தாண்டி ஓடும். நின்ற தண்ணீரில், அதுவும் வெயிலில் சூடாகி ஆக்சிஜன் குறைந்த தண்ணீரில், செவுளுக்கு மேல் தண்ணீர் நகர வேண்டுமானால் உடம்பைத்தான் ஆட்ட வேண்டும். மூச்சு முட்டித் துடித்ததை நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

ஜூலை 10

திட்டியவர்களுக்கு: சரிதான், வாங்கிக்கொள்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம், அதற்குள் ஒரு எறும்பை எடுத்தாலும் குற்றம். நான் எடுத்தது காப்பக எல்லைக்கு வெளியே தோட்டத்து ஓடையில். அதனால் சட்டப்படி தப்பித்தேன். பாட்டிலுக்குள் இருந்தவனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஜூலை 10, பின்குறிப்பு

நேற்று எழுதிய வால் கணக்கில் ஒரு ஓட்டை. மேஃபிளையில் இரண்டு வால்காரர்களும் உண்டு. வாலை மட்டும் நம்பாதீர்கள். வயிற்றின் இரண்டு ஓரத்திலும் செவுள் தகடுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால் மேஃபிளை.

ஜூலை 21

சாயல்குடிக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்கிறேன். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகைதான் தேனி, மதுரை, மானாமதுரை, பரமக்குடி வழியாக ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து முடிகிறது. மேலே ஓடை கெட்டால் கீழே கண்மாய் கெடும். ஓடைக்கரை மரத்தை வெட்டினால் தண்ணீர் சூடாகும், மண் அரித்து வந்து கல்லிடுக்கை அடைக்கும், பூச்சி போகும். நமக்கு வரும் தண்ணீருக்கு அந்தப் பூச்சிகள்தான் காவல்காரர்கள். ஆக, சம்பந்தம் உண்டு.

ஆகஸ்டு 3

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது. பாதி உண்மைதான். ஓடைத் தண்ணீர் 1959இல் கட்டிய வைகை அணையில் தேங்கி, மதகு மதகாகப் பங்கு பிரிந்து நம்மிடம் வரும்போது அதில் ஓடையின் குணம் ஒன்றும் மிச்சமில்லை. என் ஊர்க் கண்மாய்க்கு வைகை வருவதே இல்லை, ஐப்பசி மழைதான். "வைகை கடலைச் சேராத ஆறு" என்று பெருமையாகச் சொல்வோம். பெரிய கண்மாய் நிரம்பி வழிந்தால் ஆற்றங்கரை கிராமத்துப் பக்கம் பாக் நீரிணையில் சேரவும் செய்யும். அதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும்.

இன்னொன்று. நமக்குப் பிரயோஜனம் என்று நிரூபித்தால்தான் பூச்சி இருக்கலாம் என்கிற வழக்கை நானே ஆரம்பித்துவைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது "ஆர்ஓ போட்டுக்கிறேன், பூச்சி வேண்டாம்" என்றால் என்ன சொல்வேன்? ஜூலை 21ஐ வாபஸ் வாங்குகிறேன்.

ஆகஸ்டு 5

மச்சானிடம் போனில் கேட்டேன், ஓடை எப்படி இருக்கிறது என்று. அவர் சொன்னதில் மூன்று விஷயம் மனசில் நின்றது.

முதலாவது, மேலே ஏலத்தோட்டங்களில் மருந்தடித்த மறுநாள் மழை பெய்தால் கீழே ஓடையில் நண்டு செத்து மிதக்கிறதாம். எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை, கேட்டாலும் அவர் சொல்ல மாட்டார், பிழைப்பு இருக்கிறது. இரண்டாவது, மீனுக்காகப் பிளீச்சிங் பவுடர் கொட்டுகிறார்கள். ஒரு குழம்புக்கு நாலு மீன் கிடைக்கும். செவுளில் மூச்சு விடும் மற்றதெல்லாம் ஒரு பர்லாங்குக்குச் செத்துப்போகும்.

மூன்றாவதுதான் எனக்குச் சிரிப்பு. ஊர் இளைஞர்கள் கூடி "ஓடையைச் சுத்தம் செய்தோம்" என்று பிளாஸ்டிக்கோடு சேர்த்து உதிர்ந்த இலையையும் மட்கின கட்டையையும் அள்ளிக் கரையில் போட்டு எரித்திருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் நிழலடித்த காட்டு ஓடையில் பாசி அதிகம் வளராது, உதிர்ந்த இலைதான் அங்கே சோறு. அதைக் கடித்து நார் நாராக்குகிற பூச்சிகள் ஒரு கூட்டம், அவை விட்ட தூளை வலை கட்டிப் பிடித்துத் தின்பவை இன்னொரு கூட்டம். வீட்டுக்கு வந்த விருந்தாளி, சுத்தம் செய்கிறேன் என்று அரிசிப்பானையைக் கவிழ்த்த கதை.

ஆகஸ்டு 17

இனி நம் ஊர்க் கதை. இதில் குற்றவாளி நான்.

எங்கள் ஊருணி அப்பத்தா காலத்தில் குடிதண்ணீர். காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாய் வந்த பிறகு கேட்பாரில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தூர் வாரி, சுற்றிலும் சிமெண்டுச் சுவர் கட்ட வேண்டும் என்று மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. ஜேசிபி வந்து செங்குத்தாக வெட்டியது. மூன்று பக்கம் சுவர் எழும்பியது. கிழக்குப் பக்கம் மட்டும் பணம் பற்றாமல் மண்கரையாகவே நிற்கிறது.

மண்கரை சரிவாக இருக்கும். தண்ணீர் ஏற ஏற ஓரத்தில் ஒரு சாண் ஆழத்தில் கோரையும் புல்லும் நிற்கும். தட்டான் குட்டிகள் கிடப்பது அந்த ஒரு சாணில்தான். உள்ளே ஆழத்தில் மீன் தின்றுவிடும். அப்புறம் அவை ஏதாவது ஒரு தண்டில் ஏறித்தான் சட்டையை உரித்துப் பறக்க முடியும். சிமெண்டுச் சுவரில் ஏற முடியாது. மூன்று பக்கத்துத் தட்டானையும் நான் கையெழுத்துப் போட்டு ஒழித்துவிட்டேன்.

ஆகஸ்டு 18

கொசுவுக்காக ஊருணியில் கம்பூசியா மீன் விடலாமே என்ற யோசனைக்கு: வேண்டாம். 1928 முதல் இந்தியாவில் விட்டுக்கொண்டிருக்கிறோம். அது கொசுப்புழுவை மட்டும் தின்னும் என்று யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. தட்டான் குட்டி, மீன் முட்டை, தவளைக் குஞ்சு எல்லாம் அதற்கு ஒன்றுதான். டெங்குக் கொசு வளர்வது ஊருணியில் இல்லை, உங்கள் மாடியில் கிடக்கும் டயரில்.

ஆகஸ்டு 30

அபூர்வம் என்ற சொல்லைப் பற்றி ஒரு யோசனை. மேற்கு மலைப் பூச்சிகள் பல அபூர்வமாக இருப்பதற்குக் காரணம் அவை எண்ணிக்கையில் கொஞ்சம் என்பதல்ல. அந்த ஓடையில் கல்லுக்கு நாலு இருக்கும். ஆனால் அந்த மாதிரி ஓடையே உலகத்தில் பத்தோ இருபதோதான். பிரேசர் என்று ஒரு ராணுவ மருத்துவர் இந்தியத் தும்பிகளைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதி எழுதினார். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக வலையோடு மலையேறியிருக்கிறார், அல்லது வலை போக மிச்ச நேரத்தில் நோயாளிகளைப் பார்த்திருக்கிறார். அவர் ஒரு தும்பியைப் பிடித்த இடத்துக்கு இன்றைக்கும் ஆட்கள் தேடிப் போகிறார்கள். இடம் இருந்தால் தும்பி இருக்கும்.

நம் பக்கத்துப் பூச்சி நேர்மாறு. அதற்கு எந்த இடமும் நிரந்தரமில்லை. நிரம்பும், வற்றும், வெடிக்கும், மறுபடி நிரம்பும். அந்த வற்றல்தான் அதற்குப் பாதுகாப்பு, ஏனென்றால் வற்றினால் பெரிய மீன் இருக்காது. மேகமலை வைத்தியத்தை இங்கே கொண்டுவந்து "எப்போதும் தண்ணீர் நிற்கட்டும்" என்று போர்வெல் தண்ணீரை ஊருணியில் விட்டால் இங்கே இருப்பதும் போய்விடும். அங்கே தடுப்பணை கட்டினாலும் அதே கதி. ஓட வேண்டிய தண்ணீர் நின்றால், தண்டால்காரன் கதைதான்.

செப்டம்பர் 7

தும்பி என்றால் வண்டுதானே என்று ஒரு தமிழாசிரியர் கேட்டிருக்கிறார். ஐயா, சங்கப் பாட்டில் வண்டு. ராமநாதபுரத்துப் பள்ளிக்கூடத்தில் தட்டான். ஒல்லியாக இருந்தால் ஊசித்தட்டான். உட்கார்ந்தால் ஊசித்தட்டான் பெரும்பாலும் இறக்கையை மடக்கி முதுகோடு சேர்க்கும், தட்டான் விரித்தே வைக்கும். தண்ணீருக்குள் குட்டியாக இருக்கும்போது ஊசித்தட்டானுக்குப் பின்னால் இலை மாதிரி மூன்று தகடு, அவை செவுள்.

சின்ன வயதில் வாலில் நூல் கட்டி விட்டவன்தான் நானும். இதற்கும் சேர்த்துத் திட்டிக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 14

ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன். நிறுத்தியிருந்த சிவப்புக் காரின் பானெட்டில் ஒரு தட்டான் வந்து வந்து வாலைத் தட்டிக்கொண்டிருந்தது. முட்டை இடுகிறது! நாற்பது நிமிஷம் பார்த்தேன், டோக்கன் நம்பர் போய்விட்டது.

தண்ணீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். அதை வைத்துத்தான் இந்தப் பூச்சிகள் தண்ணீரைக் கண்டுபிடிக்கின்றன. பளபளக்கும் கார், தார்ச்சாலை, கறுப்புப் பிளாஸ்டிக், சூரியத் தகடு எல்லாம் அதே மாதிரி ஒளியைத் திருப்புவதால் தண்ணீர் என்று ஏமாந்து முட்டை போடுகின்றன. ஹங்கேரியில் மேஃபிளைகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். தகட்டின் மேல் வெள்ளைக் கோடுகளால் கட்டம் போட்டால் ஏமாறுவது வெகுவாகக் குறைகிறது என்று 2010இல் எழுதினார்கள். நம் கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா. கண்மாய்களுக்கு நடுவில் ஒரு பொய்க் கண்மாய். மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நான் வெல்டிங் வைப்பதும் கரண்டில்தான். வெள்ளைக் கோடு போட என்ன செலவாகிவிடப்போகிறது?

அக்டோபர் 12

வந்துவிட்டார்கள். தேவிபட்டினம் கடற்கரையில் சாயங்காலம் ஆயிரக்கணக்கில். மஞ்சள் உடம்பு, எங்கும் உட்காராமல் அலையும் பன்டாலா வகைத் தட்டான். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை" என்று மகளிடம் சொன்னேன். "மழை வருதுன்னு தட்டான் சொல்லல, மழைக் காத்துல தட்டான் வருதுப்பா" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. மாலத்தீவில் இவை அக்டோபரில் லட்சக்கணக்கில் வந்து இறங்குவதைச் சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் வருஷக்கணக்காகக் குறித்துவைத்தார். அந்தத் தீவுகளில் தரைக்கு மேல் நன்னீர் கிட்டத்தட்ட இல்லை, இத்தனையும் அங்கே பிறந்திருக்க முடியாது. தென்னிந்தியாவிலிருந்து பருவக்காற்றின் முதுகில் ஏறி, மாலத்தீவைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். போவது ஒரு தலைமுறை, திரும்புவது பேரன் பேத்தி. மழைக் குட்டையில் முட்டை போட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்துக்குள் குட்டி வளர்ந்து பறந்துவிடும். இமயமலைக்காரன் ஐந்து வருஷம் எடுக்கிற வேலை!

அக்டோபர் 13

எங்கள் கடலில் பூச்சியே இல்லையா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார். உண்டு. ஹாலோபேட்டஸ். இறக்கை கிடையாது, நீளக்காலால் தண்ணீர் மேல் சறுக்கும். நாற்பதுக்கு மேற்பட்ட வகையில் ஐந்து மட்டும் நடுக்கடலிலேயே பிறந்து நடுக்கடலிலேயே சாகும். பூச்சி இனத்தில் வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் இல்லை. மற்றவை கரையோரமும் அலையாத்திக் காடும். காரங்காட்டுப் பக்கம் ஒரு வல்லத்து எஞ்சினை ஓட்டிப் பார்க்கப் போனபோது, எஞ்சின் நின்றுபோன பிறகு (என் வேலையின் லட்சணம்), காற்றே இல்லாத கழிமுகத்தில் வெள்ளிப் பொட்டுகளாய்க் கூட்டம் சறுக்கியதைப் பார்த்தேன். ஓடையில் கரையோரம் சறுக்கும் பூச்சியின் சொந்தக்காரன். மேகமலையில் தண்ணீர் மேல் நடக்கிறவனும் காரங்காட்டில் நடக்கிறவனும் பங்காளிகள். ஜூலையில் கேட்ட கேள்விக்கு இதையே பதிலாகச் சொல்லியிருக்கலாம், வைகையை இழுத்திருக்க வேண்டாம்.

அக்டோபர் 26

ஊருணியில் தண்ணீர் ஏறிவிட்டது. கிழக்குக் கரையில் கோரை முழங்கால் உயரம்.

நவம்பர் 9

ஊர்க்கூட்டத்தில் நாலாவது சுவர் பேச்சு வந்தது. கிழக்குக் கரையை மண்ணாகவே விடலாம் என்றேன். "ஏன்டா, முதல் கையெழுத்துப் போட்டவன் நீதானே?" என்றார் பெரியப்பா. ஆமாம் என்றேன். தட்டானைச் சொன்னேன், சிரித்தார்கள். "கோரையில பாம்பு கெடக்கும்" என்றது ஒரு குரல். "ஆடு எறங்கித் தண்ணி குடிக்க ஒரு பக்கம் சரிவு வேணும்ல" என்றார் ஆடு மேய்க்கிற அண்ணன். கூட்டம் அதற்குத் தலையாட்டியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று முடித்தார்கள். நான்கு மாதம் இங்கே மாய்ந்து மாய்ந்து எழுதியவனை ஒரு ஆடு ஒரே வரியில் ஜெயித்துவிட்டது. எனக்கு வருத்தமில்லை.

நவம்பர் 30

ஆகஸ்டு 17இல் நான் எழுதியது தப்பு.

மகள் காலையில் போய் உரித்த சட்டைகளை எண்ணிவந்தாள். சிமெண்டுச் சுவரிலும் ஒட்டியிருக்கின்றன! செங்குத்துச் சுவரில் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, நகத்தைச் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு, முதுகு பிளந்த வெற்றுச் சட்டை 43. நானே போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே ரகம், பன்டாலா. ஆப்பிரிக்காவுக்குப் போகிறவனுக்குச் சுவர் ஒரு தடையா?

கிழக்குக் கரையில் 31தான். எண்ணிக்கையில் சுவர் ஜெயித்துவிட்டது என்று அவள் அறிவித்தாள். ஆனால் அந்த 31இல் நாலு ரகம், அதில் குச்சி குச்சியாக ஊசித்தட்டான் சட்டை. ஊசித்தட்டான் முட்டையைத் தண்ணீரில் தூவாது, செடியின் தண்டைக் கீறி உள்ளே வைக்கும். கோரை இல்லாத பக்கத்தில் அதற்குத் தொட்டில் இல்லை. ஆக, சுவர் எல்லோரையும் ஒழிக்கவில்லை. ஊர் சுற்றியை விட்டுவிட்டு உள்ளூர்க்காரனை ஒழித்திருக்கிறது.

டிசம்பர் 1

திருத்தத்துக்குத் திருத்தம்: 31 இல்லை, 29. இரண்டு சட்டை சிலந்தியுடையது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

டிசம்பர் 14

வேலிக்கருவையை ஒழி ஒழி என்று நானும் சேர்ந்து கத்தியிருக்கிறேன். போன மே மாதம் கண்மாய் வெடித்துக் கிடந்தபோது, கரையோரக் கருவைப் புதருக்குள் சுள்ளி நிறத்தில் ஊசித்தட்டான்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. லெஸ்டஸ் வகை, வளர்ந்த பூச்சியாகவே கோடையைக் கழித்துவிட்டு மழைக்குப் பிறகு முட்டையிடும். கருவை தண்ணீரைக் குடிக்கிறது, கண்மாயை மூடுகிறது, எல்லாம் சரி. வெட்டும்போது அந்த இடத்தில் நாட்டுக் கருவேலோ வேறு புதரோ வருகிற வரை ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைக்கலாமா என்று ஒரு சபலம். இதற்கு அடி விழும் என்று தெரியும்.

டிசம்பர் 21

சாயல்குடிக்காரரிடமிருந்து ஒரு படம் வந்திருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொட்டியில் ஏதோ நீந்துகிறதாம், பின்னால் மூன்று வால். "உங்க மேகமலை ஆளு எங்க ஊருக்கு வந்துட்டானா?" என்று கேட்கிறார்.

வந்திருக்க மாட்டான். ஆனால் நின்ற தண்ணீரில் வாழும் மேஃபிளையும் உண்டு. மூன்றும் நூல் மாதிரி இருந்தால் அது. இலை மாதிரி அகலமாக இருந்தால் ஊசித்தட்டான் குட்டி. படம் மங்கல், ராத்திரி டார்ச் அடித்து எடுத்தது. பகலில் இன்னொன்று எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன், பாட்டிலில் பிடிக்காமல், தொட்டியில் இருக்கிற இடத்திலேயே வைத்து.